சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கலாமா, படித்தால் என்ன வேலை கிடைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒரு பரிசோதனை ஆய்வகத்திலும் பிறகு ஒரு சூழல் ஆலோசனை நிறுவனத்திலும் பணிபுரிந்தவன் என்பதால், பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதம் தொடங்கிக் கல்லூரிச் சேர்க்கை முடியும் வரை, உறவினர்களும் நண்பர்களின் பிள்ளைகளும் இத்துறையைப் பற்றி என்னிடம் விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டு நிலவரத்தை ஒட்டியவை.

எல்லா காலேஜிலும்தான் ஈ.வி.எஸ். பேப்பர் இருக்கிறதே, அதையேதான் மூன்று வருடம் படிக்க வேண்டுமா?

இல்லை. எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் எழுதியாக வேண்டிய அந்தச் சுற்றுச்சூழல் கல்வித் தாள், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் பிறப்பித்த உத்தரவின் விளைவாக வந்தது. பின்னர் பல்கலைக்கழக மானியக் குழு அதற்கு ஒரு பொதுப் பாடத்திட்டம் வகுத்தது. தேர்வுக்கு முந்தைய நாள் மட்டும் புரட்டப்படும் தாளாக அது பல கல்லூரிகளில் ஆகிவிட்டதால், மரம் நடுவதையும் நெகிழிப் பைகளைத் தவிர்ப்பதையும் தாண்டி இத்துறையில் ஒன்றுமில்லை என்ற எண்ணம் மாணவர்களிடம் படிந்துவிட்டது.

பட்டப்படிப்பு என்பது நீர், காற்று, மண், உயிரினங்கள் ஆகியவற்றை அளந்து, அந்த அளவுகளுக்குச் சட்டப்படியும் அறிவியல்படியும் என்ன பொருள் என்று சொல்லக் கற்றுக்கொள்வது. வேதியியல், நுண்ணுயிரியல், சூழலியல், புவியியல், புள்ளியியல், சட்டம் ஆகிய அனைத்திலும் ஒரு பகுதி அதில் வரும்.

சயின்ஸ், ஸ்டடீஸ், இன்ஜினியரிங் என்று மூன்று பெயரில் இருக்கிறதே, என்ன வித்தியாசம்?

நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்வோம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் அந்த ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையின் நீர் பயிருக்கு ஆகாமல் போனது. அந்த நீரில் கரைந்த உப்பு எவ்வளவு, அது கிணறுகளுக்கு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, மண்ணை என்ன செய்திருக்கிறது என்று கண்டறிவது சூழல் அறிவியல். அந்தக் கழிவுநீரைச் சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கியும் ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைத்து ஓட்டுவது சூழல் பொறியியல். விவசாயிகள் ஏன் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது தொழிலாளர்கள் என்ன ஆனார்கள், இழப்பீட்டை யார் யாருக்குத் தர வேண்டும் என்று ஆராய்வது சூழல் கல்வி அல்லது சூழல் ஆய்வுகள் என்ற பெயரில் வரும் படிப்பு.

நடைமுறையில் முதல் இரண்டும் அறிவியல், பொறியியல் பட்டங்களாகவும் மூன்றாவது சமூக அறிவியல் சார்ந்ததாகவும் இருக்கும். ஆனால் சில பல்கலைக்கழகங்கள் பெயரில் ஸ்டடீஸ் என்று வைத்துக்கொண்டு முழுக்க அறிவியலையே கற்பிக்கின்றன. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் துறைப் பெயர் அத்தகையது. எனவே பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தில் ஆய்வக நேரம் எவ்வளவு என்று பாருங்கள்.

பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருக்க வேண்டும்? கணக்கு வருமா?

பி.எஸ்சி. படிப்புக்குப் பெரும்பாலும் வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் இருந்தால் போதும். பி.இ., பி.டெக். படிப்புகளுக்குக் கணிதமும் இயற்பியலும் வேண்டும். வணிகவியல், கலைப் பிரிவு மாணவர்கள் அறிவியல் பட்டத்தில் நேரடியாகச் சேர இயலாது. அவர்களுக்குப் பொருளியல், சட்டம், புவியியல் வழியாகப் பாதை இருக்கிறது.

கணிதத்துக்கு அஞ்சி உயிரியல் பிரிவிலிருந்து வருகிறவர்கள் புள்ளியியலில் சிக்கிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். கடினமான கணிதம் இல்லை. ஆனால் சராசரி, திட்ட விலக்கம், தொடர்புக் கெழு ஆகியவை இல்லாமல் எந்த அறிக்கையும் இல்லை.

ஆய்வகத்தில் அப்படி என்னதான் செய்வார்கள்? எனக்கு அது பிடிக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே ஒரு சோதனையைச் சொல்கிறேன். கழிவுநீரில் நுண்ணுயிர்கள் சிதைக்கக்கூடிய கரிமப்பொருள் எவ்வளவு என்பதை அவை உட்கொள்ளும் ஆக்சிஜனைக் கொண்டு அளப்பது பி.ஓ.டி. சோதனை. மாதிரி நீரைத் தகுந்த அளவு நீர்த்து, 300 மில்லி கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி மூட வேண்டும். ஒரு குப்பியில் உடனே ஆக்சிஜனை அளந்துவிட்டு, இன்னொன்றை 27 டிகிரி செல்சியசில் மூன்று நாள் இருட்டில் வைக்க வேண்டும். மேலைநாட்டுப் பாடநூல்களில் 20 டிகிரி, ஐந்து நாள் என்றிருக்கும். நம் வெப்பநிலைக்கேற்ப இந்தியத் தர முறையில் இப்படி மாற்றியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் குப்பியைத் திறந்து மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்தால் பழுப்பு வீழ்படிவு இறங்கும். அமிலத்தில் அதைக் கரைத்து, ஸ்டார்ச் சேர்த்து, தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீலம் மறையும் புள்ளியைப் பிடிக்க வேண்டும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்குப் பொது வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். உங்கள் எண் 28 என்றால் ஆலை தப்பும், 34 என்றால் விளக்கக் கடிதம் கேட்கப்படும்.

நீர்த்தல் விகிதத்தைத் தவறாக எடுத்தால் மூன்று நாளும் வீண். மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவராமல் ஜீப்பின் பின்பக்கம் போட்டுக்கொண்டு வந்திருந்தால் சோதனை செய்வதற்கே பொருளில்லை. இந்த அளவு பொறுமையும் நேர்மையும் எரிச்சலூட்டவில்லை என்றால் படிப்பு உங்களுக்குப் பிடிக்கும். சூழல்மீது அன்பு இருக்கிறது, ஆனால் குப்பி கழுவப் பிடிக்காது என்றால் அறிவியல் பட்டத்தைத் தவிர்த்துச் சட்டம், கொள்கை, இதழியல் பக்கம் செல்லலாம். அதில் தாழ்வு ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டில் எங்கே படிக்கலாம்?

பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகக் கிண்டி வளாகத்தில் உள்ள சுற்றுச்சூழல் ஆய்வு மையம் முதன்மையானது, அங்கே எம்.இ. படிக்கலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆற்றல் மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல் பி.டெக். இருக்கிறது. அறிவியலுக்குக் கோவை பாரதியார், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகங்களும், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஆழ்வார்குறிச்சி மையமும் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை களப்பணிக்குப் பெயர் பெற்றது. கடல்சார் ஆர்வம் இருந்தால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம், வனவியலுக்கு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, காட்டுயிரியலுக்கு உதகை அரசு கலைக் கல்லூரியும் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியும்.

மாநிலத்துக்கு வெளியே டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சூழல் அறிவியல் பள்ளி பழையது, நல்லது. எங்கே சேர்ந்தாலும் சேருமுன் ஒருமுறை நேரில் சென்று ஆய்வகத்தைப் பாருங்கள். கருவிகள் இருக்கின்றனவா என்பதைவிட அவற்றின் பக்கத்தில் இருக்கும் பயன்பாட்டுப் பதிவேட்டில் கடைசித் தேதி எது என்பதே முக்கியம்.

பி.எஸ்சி.யிலேயே என்விரான்மென்டல் சயின்ஸ் எடுப்பதா, கெமிஸ்ட்ரி படித்துவிட்டு எம்.எஸ்சி.யில் மாறுவதா?

என்னிடம் வரும் கேள்விகளில் அதிகம் யோசித்துப் பதில் சொல்வது இதற்குத்தான். வீட்டில் ஒருவர் கேட்டால், இளநிலையில் வேதியியல், தாவரவியல், விலங்கியல், புவியமைப்பியல் ஆகியவற்றுள் ஒன்றையோ, பொறியியல் என்றால் சிவில் அல்லது கெமிக்கலையோ படித்துவிட்டு, முதுநிலையில் சூழலுக்கு வரச் சொல்வேன்.

காரணம் அறிவுசார்ந்தது ஒன்று, நடைமுறை சார்ந்தது ஒன்று. மூன்று ஆண்டில் ஏழெட்டுத் துறைகளைத் தொட்டுச் செல்லும் பாடத்திட்டத்தில் எதிலும் ஆழம் கிட்டுவது கடினம். ஒரு துறையில் கால் ஊன்றியவருக்கு மற்றவற்றைப் பின்னர் சேர்த்துக்கொள்வது எளிது. நடைமுறைக் காரணம் இன்னும் கசப்பானது. அரசுத் தேர்வு அறிவிக்கைகளில் தகுதிப் பட்டங்கள் என்று வரிசையாக அச்சிடப்படும் பட்டியல்களில், வேதியியலுக்கும் தாவரவியலுக்கும் இருக்கும் இடம் சூழல் அறிவியலுக்கு எப்போதும் இருப்பதில்லை. கீழே வனப் பணி பற்றிய பதிலில் இது விளங்கும்.

இதற்கு விலக்கும் உண்டு. நல்ல ஆய்வகமும் களப்பயிற்சியும் உள்ள கல்லூரியில் இடம் கிடைத்து, முதுநிலை வரை படிப்பது உறுதி என்றால் இளநிலையிலேயே எடுப்பதில் தவறில்லை. பி.எஸ்சி. சூழல் அறிவியலோடு படிப்பை நிறுத்திவிடும் எண்ணம் இருந்தால் மட்டும் வேண்டாம்.

படித்து முடித்ததும் முதல் வேலை எங்கே கிடைக்கும்?

பெரும்பாலோருக்கு இரண்டில் ஒன்று: பரிசோதனை ஆய்வகம் அல்லது சூழல் ஆலோசனை நிறுவனம். தொழிற்சாலைகள் தமது கழிவுநீர், புகைபோக்கி, சுற்றுப்புறக் காற்று ஆகியவற்றைக் குறித்த கால இடைவெளியில் சோதித்துக் காட்டக் கடமைப்பட்டவை என்பதால் ஆய்வகங்களுக்கு வேலை வற்றுவதில்லை. ஆலோசனை நிறுவனங்களோ, 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி முன் அனுமதி பெற வேண்டிய சுரங்கம், அனல்மின் நிலையம், துறைமுகம், பெருங்கட்டடம் போன்ற திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிப்பவை.

முதல் வேலையின் தோற்றத்தைப் பற்றி மயக்கம் வேண்டாம். ஒரு கல்குவாரித் திட்டத்துக்குக் காற்றுத் தர அளவீடு என்றால், சுற்றுவட்டார ஊர்களில் தூசு மாதிரி எடுக்கும் கருவியை வைக்க வேண்டும். கருவி 24 மணி நேரம் ஓட வேண்டும். வாரம் இருமுறை, பன்னிரண்டு வாரம் என்பது வழக்கமான திட்டம். அதற்கு மாடி வேண்டும், மின்சாரம் வேண்டும். ஊரில் ஒரு வீட்டுக்காரரிடம், ‘அண்ணே, ஒரு பிளக் பாயின்ட் மட்டும் கொடுங்க, கரண்ட் பில்லுக்குப் பணம் தந்துடறோம்’ என்று கேட்டு, குவாரிக்காரனின் ஆளா நீ என்ற அவரது சந்தேகத்தையும் தீர்த்து, இரவில் மின்வெட்டு வந்தால் எவ்வளவு நேரம் என்று குறித்து, காலையில் தூசு படிந்த வடிதாளைக் கசங்காமல் உறையிலிட்டுக் கொண்டுவந்து எடைபோடுவதே புதியவரின் வேலை. அறிக்கை எழுதும் நாற்காலி அதன் பிறகுதான்.

அந்த நிறுவனங்களில் மேலே போக வழி உண்டா?

உண்டு, இத்துறையில் படிநிலை தெளிவாக வகுக்கப்பட்ட இடம் அதுவே. தாக்க மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு இந்தியத் தரக் குழுமத்தின் நேபெட் அமைப்பு அங்கீகாரம் வழங்குகிறது. காற்று மாசு, காற்றுத்தர மாதிரியாக்கம் (மாசு எங்கெங்கு பரவும் என்று கணினியில் கணிப்பது), நீர் மாசு, ஒலியும் அதிர்வும், நிலப் பயன்பாடு, மண் பாதுகாப்பு, நிலத்தடி நீரியல், புவியமைப்பியல், சூழலியலும் பல்லுயிரும், சமூகப் பொருளியல், இடர் மதிப்பீடு, திடக்கழிவும் அபாயக்கழிவும் எனப் பன்னிரண்டு துறைகளுக்கு வல்லுநர்களும், அனைத்தையும் இணைக்க ஒருங்கிணைப்பாளரும் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும். வல்லுநராக ஏற்கப்படத் தொடர்புடைய பட்டமும் அனுபவ ஆண்டுகளும் தேவை.

இந்தப் பன்னிரண்டில் உங்களுடையது எது என்பதை இரண்டாம் ஆண்டு பணியிலேயே முடிவுசெய்துவிடுங்கள். எல்லாம் கொஞ்சம் தெரியும் என்பவர்கள் உதவியாளராகவே நீடிப்பதையும், நிலத்தடி நீரியலோ காற்றுத்தர மாதிரியாக்கமோ ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டவர்களை நிறுவனங்கள் போட்டி போட்டு அழைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பொல்யூஷன் போர்டில் வேலை வாங்க என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைக்கப்பட்டது. தொழிற்சாலைகளை அவை உண்டாக்கும் மாசைப் பொறுத்துச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை போன்ற நிற வகைகளாகப் பிரித்து, நிறுவுவதற்கும் இயக்குவதற்கும் இசைவாணை வழங்கிக் கண்காணிப்பது அதன் பணி. படித்தவர்களுக்குரிய பதவிகள் முக்கியமாக இரண்டு: உதவிப் பொறியாளர், சுற்றுச்சூழல் விஞ்ஞானி. முன்னதற்குப் பொறியியல் பட்டமும் பின்னதற்கு அறிவியலில் முதுநிலைப் பட்டமும் தேவை.

ஆள்தேர்வு ஆண்டுதோறும் வருவதில்லை; வரும்போது போட்டி கடுமை. ஆகவே வாரியத்தை மட்டும் நம்பி வீட்டில் அமர்ந்து தயாராவதைவிட, ஆய்வகத்தில் பணிபுரிந்துகொண்டே காத்திருப்பது நல்லது. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றை உரைநூலில் படிக்காமல் சட்ட வாசகமாகவே படித்துவிடுங்கள். அவை நீளமானவையும் அல்ல, தேர்வுக்கு அப்பாலும் பயன்படும்.

நான் ஐ.எப்.எஸ். ஆக வேண்டும், அதற்காகத்தான் இந்தப் படிப்பு. சரிதானே?

இந்திய வனப் பணியைச் சொல்கிறீர்கள் என்றால், விண்ணப்பிக்குமுன் தகுதிப் பகுதியைப் படித்துவிடுங்கள். கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், புவியமைப்பியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் பாடமாகக் கொண்ட இளநிலைப் பட்டம், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் என்றுதான் அதில் இருக்கிறது. சூழல் அறிவியல் என்ற பெயர் இல்லை. முதன்மைத் தேர்வின் விருப்பப்பாடப் பட்டியலிலும் இல்லை. காட்டைக் காக்கும் பணிக்குச் சூழல் அறிவியல் படித்தவனுக்கு இடமில்லையா என்று கேட்டால் என்னிடம் நியாயமான விடை கிடையாது. பட்டியல் பழையது, உலகம் புதியது.

வனப் பணிதான் குறிக்கோள் என்றால் தாவரவியல், விலங்கியல், வனவியல், வேளாண்மை ஆகியவற்றுள் ஒன்றை இளநிலையில் படியுங்கள். சூழல் பொறியியல் பி.இ., பி.டெக். படித்தவர்கள் பொறியியல் என்ற தலைப்பின் கீழ் வந்துவிடுவார்கள். சூழல் அறிவியல் பி.எஸ்சி.யில் வேதியியல் துணைப்பாடமாக இருந்ததே என்ற வாதத்தை நம்பி இரண்டு ஆண்டுத் தயாரிப்பில் இறங்குவது அறிவுடைமை அன்று. இன்னொன்று: ஆண்கள் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டிய தேர்வு ஒன்றும் உண்டு. ஆட்சிப் பணி, காவல் பணி உள்ளிட்ட குடிமைப் பணித் தேர்வுக்கோ எந்தப் பட்டமும் போதும்.

டி.என்.பி.எஸ்.சி.யில் என் டிகிரி செல்லாது என்கிறார்களே?

பட்டம் செல்லும்; குறிப்பிட்ட பதவிக்குப் பொருந்துமா என்பதே கேள்வி. குரூப் 1, குரூப் 2 போன்றவற்றின் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். உதவி வனப் பாதுகாவலர், வனத் தொழில் பழகுநர் போன்றவற்றுக்குப் பாடவாரியான பட்டியல் உண்டு. பட்டத்தின் பெயர் ஒரு சொல் மாறியிருந்தாலும் இணைக்கல்வித் தகுதிக்கான அரசாணையைக் காட்டச் சொல்வார்கள். ‘அப்ளைடு’, ‘மேனேஜ்மென்ட்’, ‘டெக்னாலஜி’ என்று கூடுதல் அலங்காரம் சேர்ந்த பட்டங்களில் இத்தொல்லை அதிகம். கல்லூரியில் சேருமுன்பே, அந்தப் பட்டம் எதற்கு இணையானது என்று அறிவிக்கும் அரசாணை எண்ணைக் கேளுங்கள். தடுமாற்றமின்றிச் சொல்லும் கல்லூரி நல்ல கல்லூரி.

பள்ளி ஆசிரியர் பணியை எண்ணுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மேல்நிலைப் பள்ளியில் வேதியியலுக்கும் தாவரவியலுக்கும் முதுநிலை ஆசிரியர் பணியிடம் இருப்பதுபோல் சூழல் அறிவியலுக்கு இல்லை.

எனக்கு ஆய்வகமும் வேண்டாம், ஆபீசும் வேண்டாம். காட்டில் வேலை செய்ய வேண்டும்.

அப்படியென்றால் நீங்கள் தேடுவது காட்டுயிரியல். முன்னே சொன்ன உதகை, மன்னம்பந்தல் ஆகியவற்றோடு, டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனமும், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் நடத்தும் முதுநிலைப் படிப்புகளைப் பாருங்கள். இரண்டிலும் இடங்கள் மிகக் குறைவு, ஆண்டுதோறும் சேர்க்கையும் கிடையாது. ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையம், வால்பாறையில் ஆய்வு நிலையம் வைத்திருக்கும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, கோத்தகிரியின் கீஸ்டோன் அமைப்பு போன்றவை களத்தில் ஆழமாகப் பணிபுரிபவை.

இங்கே வேலை பெரும்பாலும் திட்ட ஒப்பந்தமாகவே இருக்கும். நிதி முடிந்தால் வேலையும் முடியும். அட்டைக்கடி, மழை, தனிமை ஆகியவற்றைவிட, அடுத்த ஆண்டு என்ன என்ற நிச்சயமின்மையே பலரை முப்பது வயதில் வெளியேற்றுகிறது. முனைவர் பட்டம் வரை செல்பவர்களே நிலைக்கிறார்கள்.

இப்போது எல்லோரும் ஈ.எஸ்.ஜி., சஸ்டெயினபிலிட்டி என்கிறார்களே, அது என்ன வேலை?

சூழல், சமூகம், நிர்வாகம் ஆகிய மூன்றிலும் ஒரு நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்று கணக்குக் காட்டும் வேலை அது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள், தமது நீர் நுகர்வு, மின் நுகர்வு, கரிம உமிழ்வு, கழிவு ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் உருக்கு, அலுமினியம், சிமென்ட் போன்றவற்றின் இறக்குமதிக்குக் கரிமக் கணக்குக் கேட்கும் எல்லை வரி ஏற்பாட்டை 2023 அக்டோபரில் தொடங்கி, 2026 ஜனவரி முதல் முழு நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. இவை இரண்டும் சேர்ந்து கணக்குத் தெரிந்த சூழல் பட்டதாரிகளுக்குப் புதிய தேவையை உண்டாக்கியுள்ளன.

வேலை குளிரூட்டிய அறையில், எக்செல் தாளின் முன்னால். டீசல் ரசீதுகளையும் மின் கட்டணப் பட்டியல்களையும் கரிம டன்னாக மாற்றுவதே அதன் சாரம். ஊதியம் களப்பணியைவிட மேல். ஆனால் வணிக மேலாண்மை படித்தவர்களும் இதே நாற்காலிக்குப் போட்டியிடுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். கொதிகலன் எப்படி இயங்குகிறது என்று தெரிந்த நீங்கள் எண் தவறாக இருந்தால் கண்டுபிடிப்பீர்கள். உங்கள் பலம் அதுவே.

தொழிற்சாலையில் சேர்ந்தால் சூழலுக்கு எதிராக வேலை செய்வதாகாதா?

ஆகாது என்பது என் கருத்து. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் நிலையங்களிலும் இரவுப் பணியில் இருக்கும் வேதியியலர் விழிப்பாக இருந்தால் ஆறு தப்பும், உறங்கினால் தப்பாது.

இத்தகைய பணிகள் சூழல், உடல்நலம், பாதுகாப்பு என்ற மூன்றையும் ஒரே பதவியில் இணைத்து வருபவை. அதனால் சென்னை தரமணி மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்தும் தொழிற்பாதுகாப்புப் பட்டயமும் கையில் இருந்தால் மதிப்பு கூடும். வளைகுடா நாடுகளில் வேலை தேடுவோர் பெரும்பாலும் இந்த வழியில்தான் செல்கிறார்கள்.

சம்பளம் எப்படி? உண்மையைச் சொல்லுங்கள்.

தொடக்கத்தில் குறைவு. உடன் படித்துக் கணினித் துறைக்குச் சென்றவரோடு ஒப்பிட்டால் முதல் மூன்று நான்கு ஆண்டுகள் மனம் சோரும். அங்கீகாரம் பெற்ற வல்லுநராகவோ நிறுவனத்தின் சூழல் மேலாளராகவோ ஆன பிறகு நிலைமை மாறும். ஆராய்ச்சிப் பாதையில் சூழல் அறிவியலுக்கென்றே நெட் தேர்வு உண்டு. அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. தனியார் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்கள் பலர் வாங்குவதைவிட அது அதிகம் என்பதிலிருந்து நிலவரத்தை ஊகித்துக்கொள்ளலாம். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்விலும் 2021 முதல் சூழல் அறிவியல் மற்றும் பொறியியல் தனித் தாளாக உள்ளது.

பெண் பிள்ளையை ஊர் ஊராக அனுப்ப முடியுமா?

பெற்றோர் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. இதைக் கேட்டதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் பணிபுரிந்த இடங்களில் களத்துக்குச் சென்ற பெண்கள் குறைவில்லை. சமூகப் பொருளியல் கணக்கெடுப்பில் வீட்டுப் பெண்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேச ஆண்களால் இயலாத இடத்தில் அவர்களால் இயன்றது. பிரச்சினை நிறுவனத்தைப் பொறுத்தது. களத்துக்குத் தனியே அனுப்புவார்களா, தங்குமிடத்தில் கழிப்பறை உண்டா, வாகனம் யாருடையது என்ற மூன்றையும் நேர்காணலிலேயே கேட்கலாம். முகம் சுளிக்கும் நிறுவனத்தில் ஆண் பிள்ளையும் சேர வேண்டியதில்லை.

தமிழ் வழியில் படித்தவன் நான். ரிப்போர்ட் எல்லாம் ஆங்கிலத்தில்தானே?

அறிக்கை ஆங்கிலத்தில்தான், அதைப் பழகித்தான் ஆக வேண்டும். ஆனால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன் வரைவு அறிக்கையின் சுருக்கத்தை வட்டார மொழியிலும் தர வேண்டும் என்பது 2006 அறிவிக்கையின் விதி. அந்தத் தமிழ்ச் சுருக்கங்களில் பலவற்றைப் படித்தால், எழுதியவருக்கே புரிந்திருக்குமா என்ற ஐயம் எழும். ஊரின் கிணற்று நீரைப் பற்றி ஊராருக்குப் புரியும்படி எழுதவும், கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பவருக்கு அங்கேயே பதில் சொல்லவும் தெரிந்தவர் கிடைப்பது அரிது. உங்கள் தமிழைக் குறையாக எண்ணாதீர்கள். தன்விவரக் குறிப்பில் எழுதுங்கள்.

கம்பெனிக்குச் சாதகமாக ரிப்போர்ட்டை மாற்றச் சொன்னால் என்ன செய்வது?

சொல்வார்கள். மதிப்பீட்டுக்கான கட்டணத்தைத் திட்டத்தின் உரிமையாளரே செலுத்தும் ஏற்பாட்டில் இந்த அழுத்தம் உள்ளடங்கியது. வெளிப்படையாக எண்ணை மாற்று என்று யாரும் சொல்வது அபூர்வம். இந்த அளவீட்டை இன்னொருமுறை எடுக்கலாமே, அந்த ஓடை மழைக்காலத்தில் மட்டும்தானே ஓடுகிறது, அதை வரைபடத்தில் காட்டத்தான் வேண்டுமா என்ற வடிவில் வரும்.

உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. வேண்டுமென்றே தகவலை மறைத்தாலோ பொய்யான தரவு கொடுத்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கவும், கொடுத்த அனுமதியை ரத்து செய்யவும் அதே 2006 அறிவிக்கையின் எட்டாம் பிரிவு இடம் தருகிறது. அறிக்கையில் வல்லுநராக உங்கள் பெயரும் கையொப்பமும் இருக்கும்; சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வழக்கு வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார்கள். இதை மேலாளரிடம் அமைதியாக எடுத்துச் சொல்வது பெரும்பாலும் வேலை செய்யும், ஏனெனில் ரத்தாகும் அனுமதி உரிமையாளருக்கும் நட்டம். களக் குறிப்பேட்டைப் பேனாவில், தேதியும் நேரமுமிட்டு எழுதி, ஒளிப்பட நகல் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் வற்புறுத்தினால் வேறு நிறுவனம் தேடுங்கள். ஆய்வகங்களும் ஆலோசனை நிறுவனங்களும் சென்னையில் மட்டும் ஏராளம்.

ஏற்கெனவே பி.எஸ்சி. சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இதையெல்லாம் படித்ததும் பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை, மீதியுள்ள காலத்தில் செய்யக்கூடியது நிறைய. முதுநிலையை உறுதி செய்துகொள்ளுங்கள். கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். உங்கள் ஊர் ஏரியின் பரப்பு பத்தாண்டுக்கு முன்பும் இப்போதும் எவ்வளவு என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அதில் வரைந்து பாருங்கள். கோடை விடுமுறையில் அருகிலுள்ள ஆய்வகத்தில் ஊதியமின்றியாவது ஒரு மாதம் குப்பி கழுவுங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் உங்கள் மாவட்டத்துத் திட்டம் ஒன்றின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தரவிறக்கி முழுமையாகப் படியுங்கள். அதில் ஊர்ப் பெயர்கள், கிணற்றின் ஆழம், பறவைப் பட்டியல் ஆகியவை நீங்கள் நேரில் கண்டதோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். அந்தப் பகுதியில் இல்லவே இல்லாத மரத்தின் பெயர் பட்டியலில் இருந்தால், வேறோர் அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது முப்பது நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வரும். கூட்டம் எல்லோருக்கும் திறந்தது. முன்வரிசையில் ஆட்சியரும் வாரிய அதிகாரியும் அமர்ந்திருப்பார்கள். நிறுவனத்தின் ஆலோசகர் திரையில் படம் காட்டுவார். நீங்கள் கண்டுபிடித்த மரத்தின் பெயரை எழுந்து நின்று கேட்கலாம். கேள்வியும் பதிலும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகும்.